இருபது குதிரை குறையுது

"டீச்சர், இருபது குதிரையைக் காணோமுங்க!"

வந்ததும் வராததுமாக நாச்சிமுத்து இப்படித்தான் ஆரம்பித்தார்.

கோயமுத்தூருக்கு வெளியே, கார் பந்தயம் சொல்லித்தரும் மைதானம் அது. டெய்சி டீச்சர் அவரைவிடப் பத்து வயது இளையவர். இருந்தால் என்ன, வேகமாக ஓட்டச் சொல்லிக்கொடுத்தவர் குருதானே!

"எங்கண்ணா மேய விட்டீங்க?"

"சிரிக்காதீங்க. மச்சானும் நானும் ஒரே மாதிரி மஸில் கார்தான், அதான் பெரிய என்ஜின் வச்ச வண்டி, வாங்குனோம். ஒரே என்ஜின். அவனுது மேனுவல், என்னுது ஆட்டோமேட்டிக். பவர் அளக்கற மெஷின்ல ஏத்துனா அவனுது நானூத்திப் பதினெட்டு குதிரை சக்தி. என்னுது முந்நூத்தித் தொண்ணூத்தெட்டு!"

"என்ஜின்ல பொறக்கறது ஒண்ணுதாண்ணா. சக்கரத்துக்கு வர்ற வழியில ஆட்டோமேட்டிக் கியர் பெட்டி கொஞ்சம் தின்னுக்கும்."

"மானம் போகுதுங்க. விருந்துக்குப் போனா, 'வாங்க, குதிரை குறைஞ்சவரே'ங்கறான். இந்தப் பெட்டியைக் கழட்டிட்டு மேனுவல் மாட்டிக் குடுங்க. இன்னைக்கே."

டீச்சர் வெளியே பார்த்தார். காரை ஒட்டி அவர் மனைவி மரகதம் நின்றிருந்தாள்.

"அக்கா இப்பக் கார்ல வர்றாங்களா?"

"லாரி இடிச்சதுல இருந்து எந்த வண்டியிலயும் ஏறமாட்டேன்னு அழுதவ. இந்தக் கார் வந்தப்புறம்தான் கூட வர்றா. பலமான வண்டி பாருங்க, அந்தத் தைரியம்."

சொல்லும்போதே அவர் முகம் மலர்ந்தது. பெண்டாட்டி மேல் அவருக்கு உயிர்.

"சரி, கழட்டறதுக்கு முன்னாடி ஒரு ரவுண்டு போலாம்" என்றார் டீச்சர்.

டீச்சர் பின்சீட்டில் ஏறிக்கொண்டார். மரகதம் முன்னால். கார் உறுமிக்கொண்டு கிளம்பியது.

"இதையே மேனுவல்னு நினைச்சுக்கங்க. நான் 'கியர்'னு சொன்னா, இடது கை லிவருக்குப் போகணும்."

"ஆகட்டுங்க."

முதல் வளைவு வந்தது.

"கியர்!"

கை வரவில்லை. நாச்சிமுத்து குனிந்து பார்த்தார். மரகதத்தின் இரண்டு கைகளுக்குள்ளும் மாட்டியிருந்தது அது. அவள் கண்ணை இறுக மூடியிருந்தாள். இத்தனை நாளும் இப்படித்தான் வந்திருக்கிறாள். பழகிப்போனதில் மனுஷனுக்கு உறைக்கவே இல்லை, பாருங்கள்!

"கியர்ணா!"

"ஐயோ, மாத்துங்க மாமா, மாத்துங்க" என்று சட்டென விட்டுவிட்டாள் மரகதம். விட்ட கைகள் முந்தானையைக் கசக்கின. "நான் இங்கயே எறங்கிக்கட்டுமா?"

நாச்சிமுத்து லிவரைத் தொடவில்லை. கையை நீட்டி அவள் விரல்களைப் பிடித்துக்கொண்டார்.

அடுத்த வளைவு வந்தது.

"கியர்!" என்றார் டீச்சர்.

"செத்த நேரம் வாயை மூடிட்டு வாங்க டீச்சர்!"