மூட்டை இறங்கிய இடம்

முன்னொரு காலம் என்று சொல்லும் அளவுக்குப் பழமையும் அன்று, நேற்று என்று சொல்லும் அளவுக்குப் புதுமையும் அன்று. செட்டிநாட்டுச் சாலை ஒன்றின் ஓரத்தில், பழைய வண்டிகளை வாங்கி விற்கும் கொட்டடி ஒன்று இருந்தது. அங்கே நின்ற வண்டிகள் தமக்குள் பேசிக்கொள்ளும். மனிதர் செவியில் அது கீல் முனகும் ஓசையாகவும், தகரம் வெயிலில் நெட்டி முறிக்கும் ஓசையாகவும் மட்டுமே விழும்.

கொட்டடியின் கடைசி மூலையில் ஒரு வேன் நின்றது. சரக்கு வண்டியைப் போல நீண்ட வயிறு அதற்கு. அந்த வயிற்றின் இருபுறச் சுவர்களிலும் பலகை ஆசனங்கள் இருந்தன. வேண்டும்போது கீழே விரிக்கலாம். வேண்டாதபோது மேலே மடித்துக் கொக்கியில் மாட்டலாம். வாங்க வந்தவர்கள் அதனை எட்டிப் பார்ப்பார்கள், உதட்டைப் பிதுக்குவார்கள், போய்விடுவார்கள்.

"உன்னை எந்த வரிசையில் சேர்ப்பது?" என்று முன்வரிசைக் கார் அடிக்கடி கேட்கும். மெழுகு பூசிப் பளபளத்த உடம்பு அதற்கு. "நீ ஆள் ஏறும் வண்டியா, மூட்டை ஏறும் வண்டியா?"

"இரண்டும்தான்," என்று வேன் தாழ்ந்த குரலில் சொல்லும்.

பக்கத்தில் மலைபோல் நின்ற லாரி உடனே உறுமும். "கல்யாண வீட்டில் மாப்பிள்ளையும் நானே, சமையற்காரனும் நானே என்று ஒருவன் வந்து நின்றானாம். அப்படி இருக்கிறது உன் கதை!"

கொட்டடி முழுவதும் சிரிக்கும். அந்தச் சிரிப்புக்கு அஞ்சியே வேன் தன் ஆசனங்களை இறுக மடித்து வைத்துக்கொண்டது. நாளடைவில் கொக்கிகளில் துரு ஏறியது. தனக்குள் ஆசனங்கள் இருப்பதையே அது மறக்கத் தொடங்கியிருந்தது.

ஒரு நாள் காலை, கொட்டடியின் உரிமையாளர் காதர் மைதீன் கைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு மூலைப்பக்கம் வந்தார்.

"ஆமா, நாளைக்குக் காலையில உடைக்கிற ஆளுகளை அனுப்பிடு. அந்த மூலை வேன்தான். இன்னிக்குப் பொழுது சாயறதுக்குள்ள யாராவது கேட்டா அவுகளுக்கு. இல்லேன்னா வெட்டி இரும்பாப் போட்டுற வேண்டியதுதான்."

காரும் லாரியும்கூட அன்று சிரிக்கவில்லை. வேன் கண்ணாடி விளக்குகளை வானத்தை நோக்கித் திருப்ப இயலாமல், மண்ணை நோக்கியே வேண்டிக்கொண்டது.

"ஐயனே, உடைப்பது உன் திருவுள்ளமாயின் உடைபடுகிறேன். ஆனால் ஒரே ஒரு முறை, எவருக்கேனும் உதவியவன் என்ற பெயரோடு உடைபட அருள்வாய்."

வெயில் ஏறிய வேளையில் இரவல் டிராக்டர் ஒன்று வாசலில் வந்து நின்றது. அதன் தொட்டியில் அரிசி மூட்டைகள், பருப்பு மூட்டைகள், எண்ணெய்த் தகரங்கள், நடுவே ஒரு பெரிய பித்தளை அண்டா. அதிலிருந்து இறங்கியவர் வயிரவன். ஆண்டுதோறும் பழனிக்குக் காவடி எடுத்து நடக்கும் பாதயாத்திரைக் குழுவின் தலைவர். உடன் இறங்கியவர் அவர் மனைவி உமையாள். சமையற்கட்டு ஆட்கள் சிலரும் பின்னால் வந்தார்கள்.

"வாங்கண்ணே, வாங்க ஆச்சி! என்ன இது, வண்டி வாங்க வந்தீகளா, கடை போட வந்தீகளா?" என்றார் காதர் மைதீன்.

"எங்க குழு வழக்கம் பாய்," என்றார் வயிரவன். "முதல் நாள் கிளம்புறப்ப என்ன சாமான் ஏறுமோ, அத்தனையும் ஏத்திப் பார்த்துட்டுத்தான் வாக்குக் குடுப்போம். அதுக்கப்புறம் ஆளு உட்கார இடம் இருக்கான்னும் பார்க்கணும். போன வருஷம் மாதிரி ஆயிறக் கூடாது."

"போன வருஷம் என்ன ஆச்சு?"

வயிரவன் வாய் திறக்குமுன் உமையாள் முந்திக்கொண்டார். "என்ன ஆச்சா? வாடகை லாரியில அரிசி சொகமாப் பழனி போச்சு. வாடகைக் காருல நாலு பேரு சொகமாப் பழனி போனாக. நான் காவடியோட கால் கொப்புளிச்சுப் பாதி வழியில புளியமரத்தடியில உட்கார்ந்தேன். காருல இடம் இல்ல. லாரியில ஏற உசரம் இல்ல. பஸ் பிடிச்சு வீடு போய்ச் சேர்ந்தேன், முருகனைப் பார்க்காமலே."

சொல்லும்போது சிரித்தார், சிரிப்பு முடிந்த இடத்தில் கண் கலங்கியிருந்தது. வயிரவன் தரையைப் பார்த்தார்.

முதலில் காரிடம் போனார்கள். மூட்டைகளில் ஒன்றிரண்டு பின்பெட்டியில் அடங்கின. அண்டா கதவிலேயே நின்றுவிட்டது.

"என் மெத்தையில் கரி படும்!" என்று கார் பதறியது.

"நானும் உன்னிடம் கெஞ்சவில்லை," என்றது அண்டா. "ஆயிரம் பேருக்குச் சோறு போட்ட வயிறு இது. உன் வாசலில் நுழைய ஒடுக்கிக்கொள்ள என்னால் ஆகாது."

அடுத்தது லாரி. அத்தனை சாமானையும் ஒரு மூலையில் வாங்கிக்கொண்டு, இன்னும் கொண்டு வா என்பதுபோல் நின்றது. வயிரவனின் முகம் மலர்ந்தது. உமையாள் அருகில் போய் ஏறப் பார்த்தார். அடித்தட்டு அவர் நெஞ்சளவுக்கு இருந்தது.

"ஏணி வச்சு ஏத்துவீகளா, கயிறு கட்டித் தூக்குவீகளா?" என்று கணவரைக் கேட்டார்.

"மூட்டைகள் முனகாமல் ஏறுகின்றன," என்று லாரி சலித்துக்கொண்டது. "மனிதர்கள்தாம் எதற்கும் முனகுகிறார்கள்."

மிஞ்சியது மூலையில் நின்ற வேன் ஒன்றே. "நாளைக்கு உடைக்கக் குடுக்க வச்சிருக்கிற வண்டிண்ணே இது," என்று சொல்லிக்கொண்டே காதர் மைதீன் அரைமனத்தோடு அதன் பின்கதவைத் திறந்தார். அண்டா வாசலைக் கடந்து உள்ளே போய்ச் சம்மணமிட்டு அமர்ந்தது. மூட்டைகள் இருபுறமும் அடுக்கடுக்காக ஏறின; மடிந்திருந்த ஆசனங்களை அழுத்திக்கொண்டு சாய்ந்தன. எல்லாம் ஏறி முடிந்தபோது ஓட்டுநர் பக்கத்து இருக்கை மட்டுமே எஞ்சியது.

வயிரவன் உள்ளே எட்டிப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். "சாமான் ஏறிருச்சு. ஆளுக்கு எங்க இடம்? வேணாம் பாய். இறக்கச் சொல்லுங்க."

அந்தச் சொல் வேனின் அச்சாணியில் இறங்கியது. நாளைக் காலை வரப்போகும் உளியின் குளிர்ச்சி அதன் உடம்பில் இப்போதே பட்டது.

அப்போது கதவோரத்து அரிசி மூட்டை மெல்லப் பேசியது. "ஏனப்பா கலங்குகிறாய்?"

"கேட்கவில்லையா? ஆளுக்கு இடமில்லை என்கிறார்."

"இன்று இல்லை. இன்று யாருக்கு வேண்டும்? முதல் நாள் எல்லோரும் குதித்துக்கொண்டு நடப்பார்கள். வண்டியில் ஏறச் சொன்னால் கோபம் வரும். நான் எத்தனையோ யாத்திரை பார்த்த சாக்கு. சொல்கிறேன், கேள். வேளைக்கு வேளை அவர்கள் என்னை உண்பார்கள். நாளுக்கு நாள் நான் இளைப்பேன். நாளுக்கு நாள் அவர்கள் களைப்பார்கள். நான் விட்ட இடத்தில் அவர்கள் அமர வேண்டும். அதற்கென்றே பிறந்த வண்டி நீ."

வேன் திகைத்தது. "இதை அவர்களுக்கு எப்படிச் சொல்வது? நம் பேச்சு அவர்கள் காதில் விழாதே."

"பேசாதே. நான் இறங்கும்போது உன் ஆசனத்தை விரி."

"கொக்கி துருப்பிடித்துவிட்டது."

"துருவா பிடித்தது? வெட்கம் அல்லவா பிடித்தது!" என்று அண்டா உள்ளிருந்து முழங்கியது.

சமையற்கட்டு ஆட்கள் அந்த அரிசி மூட்டையைப் பிடித்து இழுத்து இறக்கினார்கள். கார் பார்த்துக்கொண்டிருந்தது. லாரி பார்த்துக்கொண்டிருந்தது. வேன், நெடுநாள் இறுக்கிப் பிடித்திருந்த பிடியைத் தன் முழு வலிமையோடும் நெகிழ்த்தியது. துரு பொடிந்து உதிர்ந்தது. மூட்டை இருந்த இடத்தில், படார் என்று ஒரு பலகை ஆசனம் விரிந்து விழுந்தது.

எல்லோரும் திடுக்கிட்டார்கள். "அட, கீல் இன்னும் உயிரோடதான் இருக்கு!" என்றார் காதர் மைதீன்.

நின்று நின்று கால் கடுத்திருந்த உமையாள், தாழ்ந்திருந்த படியில் கால் வைத்து, எவர் கையையும் பிடிக்காமல் ஏறி, அந்த ஆசனத்தில் உட்கார்ந்தார். "அப்பாடா!" என்றார்.

அடுத்த மூட்டை இறங்கியது. எதிர்ச்சுவரில் ஓர் ஆசனம் விரிந்தது. மற்றொரு மூட்டை இறங்கியது, மற்றோர் ஆசனம். உமையாள் இறங்கிய மூட்டையையும் விரிந்த பலகையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு இறக்குபவர்களை நோக்கிக் கை உயர்த்தினார்.

"நிறுத்துங்கப்பா! ஏங்க, இங்க வாங்க. இத்தனை வருஷமா நாம பண்ணுன கூத்தைப் பார்த்தீகளா? முதல் நாள் மூட்டையை ஏத்தி வச்சுக்கிட்டு, அஞ்சாம் நாள் ஆளுக்கு இடம் தேடுறோம்! அஞ்சாம் நாள் இந்த மூட்டை எங்க இருக்கும்?"

வயிரவன் நெற்றியில் அடித்துக்கொண்டு வாய்விட்டுச் சிரித்தார். "எல்லார் வயித்துலயும்!"

"அப்ப எல்லாருக்கும் இடம் இருக்குல்ல?"

"பாய்," என்றார் வயிரவன், "இறக்குனதையெல்லாம் திருப்பி ஏத்தச் சொல்லுங்க. இந்த வண்டி இன்னிக்கே எங்களோட வருது. உடைக்கிற ஆளு, கிடைக்கிற ஆளு எவன் வந்தாலும் வண்டி போயிருச்சுன்னு சொல்லிருங்க."

வேன் வாசலைக் கடக்கும்போது லாரி தொண்டையைச் செருமியது. "மாப்பிள்ளை, சமையற்காரன், இரண்டும் நீயேதான். ஒப்புக்கொள்கிறேன். போய் வா."

தைப்பூசத்துக்கு முன் யாத்திரை புறப்பட்டது. முதல் நாள் வேனில் ஏற ஒருவரும் இல்லை. அது மூட்டைகளைச் சுமந்து பின்னால் ஊர்ந்தது. அடுத்த நாள் ஒரு மூட்டை தீர்ந்தது. ஒருவர் கால் தாங்கி ஏறினார். அதன் பின்னர் சாக்குகள் மடிய மடிய ஆசனங்கள் விரிந்தன. ஏறியவர்கள் சற்று இளைப்பாறி இறங்கி நடந்தார்கள். வேறு சிலர் ஏறினார்கள். எவரும் மரத்தடியில் விடப்படவில்லை. போன ஆண்டு தாம் உட்கார்ந்த அதே புளியமரம் வந்தபோது உமையாளுக்குக் கால் மீண்டும் கொப்புளித்திருந்தது. காவடியை மடியில் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, வேனின் ஆசனத்தில் இருந்தபடியே அந்த மரத்தைக் கடந்தார். கடக்கும்போது அதற்கு ஒரு கும்பிடும் போட்டார்.

ஐந்தாம் நாள் மாலை மலை தெரிந்தது. அடிவாரத்தில் வேன் நின்றதும் அதிலிருந்தவர் அனைவரும் இறங்கினர். "அரோகரா!" என்ற முழக்கத்தோடு கூட்டம் படியேறத் தொடங்கியது. கொப்புளித்த காலோடு காவடியைத் தோளேற்றி, எல்லோருக்கும் முன்னால் உமையாள் ஏறினார். படிகளில் அவர் தலை மறையும்வரை வேன் பார்த்துக்கொண்டே நின்றது.

ஆசனத்தின் கீழே மடிந்து கிடந்த அரிசிச் சாக்கு மெல்லக் கேட்டது. "எப்படி இருக்கிறாய்?"

"காலியாக இருக்கிறேன்," என்றது வேன். "கொட்டடியிலும் இப்படித்தான் காலியாக நின்றேன். அன்று அழுதேன்."

"இன்று?"

வேன், விரித்த ஆசனங்களில் ஒன்றையும் மடிக்காமல், மலையைப் பார்த்தபடி, தன் ஒலிப்பானை ஒருமுறை நீளமாக முழக்கியது. மேலே படியேறிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்து, அதற்கும் ஓர் அரோகரா சொன்னார்கள்.