தலைகீழ் நடுப்பக்கம்

ஒரு ஊரில் ஒரு மாடி அறை இருந்தது. யார் வேண்டுமானாலும் ஏறி வரலாம். தானே எழுதி, தானே அச்சடித்து, தானே பின்னடித்துப் புத்தகம் போட்டுக்கொள்ளலாம். கெட்டுப்போன பிரதிகளைச் சனிக்கிழமைதோறும் கத்தரித்து, மை உருளை துடைக்க வைத்துக்கொள்வது அங்கே வழக்கம்.

கழிவுக் கூடையில் ஒரு குட்டிப் புத்தகம் கிடந்தது. சகாயமேரி போட்ட முப்பது பிரதிகளில் கடைசி. மறுபுறம் அச்சடிக்கும்போது ஒரு தாளைத் திருப்பி வைத்துவிட்டாள். நடுப்பக்கம் தலைகீழாக விழுந்துவிட்டது. மற்ற இருபத்தொன்பதும் பைகளில் ஏறி ஊர் பார்க்கப் போயின. இதைத் திரும்பிப் பார்க்க நாதியில்லை, பாவம்.

"என் முதுகுல போட்ட ரெண்டு பின்னும் வீணா?" என்று மேசைமேல் இருந்த ஸ்டாப்ளரைக் கேட்டது புத்தகம்.

"ரெண்டு பின்! தண்டம்!" என்று சிடுசிடுத்தது ஸ்டாப்ளர்.

கத்தரிக்கோல் வாயைத் திறந்து மூடியது. "சனிக்கிழமை வரட்டும்."

"வெட்டிக்கோ. அதுக்கு முன்னாடி ஒரே ஒருத்தர் படிச்சுட்டாப் போதும்," என்றது புத்தகம். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. எழுதினதே படிக்கத்தானே ஐயா!

சனிக்கிழமையும் வந்தது. அன்று வெட்டும் முறை சகாயமேரியுடையது. மேசையில் அவளுக்கு எதிரே மாசிலாமணி உட்கார்ந்தான். வேலைக்காக இந்த ஊருக்குத் தனியாக வந்தவன். வாராவாரம் வருவான், ஒன்றும் அச்சடிக்க மாட்டான், யாரோடும் பேச மாட்டான். அலமாரியில் உள்ள நல்ல பிரதியைத் தொடக் கூச்சம். கூடையில் கிடப்பதைத்தான் எடுப்பான். அன்று இந்தப் புத்தகத்தை எடுத்தான்.

ஒவ்வொரு பக்கமாகப் படித்தான். புத்தகத்துக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. நடுப்பக்கம் வந்ததும் அவன் கை நின்றது. போச்சு, மூடப்போகிறான் என்று புத்தகம் நடுங்கியது.

அந்தப் பக்கம் எதிரே இருந்தவளுக்கு நேராகத் தெரிந்தது. தன்னை அறியாமல் வாய்விட்டுப் படித்தாள்.

"ஒரு ஆளுக்கு உலை வைக்க இன்னும் கைவரலை. தினமும் ரெண்டு பேருக்கு வடிச்சுட்டு, மிச்சத்துல தண்ணி ஊத்தி வைக்கிறேன்."

"நீங்க எழுதினதா?" என்றான் மாசிலாமணி.

"ஆமாங்க. தப்பா அச்சாயிடுச்சு. குடுங்க, வெட்டிடறேன்."

அவன் கொடுக்கவில்லை.

அவள் கத்தரிக்கோலைக் கையில் எடுத்துக்கொண்டாள். "இருபத்தொன்பது பேருக்குக் குடுத்தேங்க. ஒருத்தரும் ஒரு வார்த்தை சொல்லல."

"எனக்கும் கைவரலைங்க," என்றான் அவன். "வீட்டுல தினமும் சோறு மிஞ்சுது."

அவள் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். அவன் நடுப்பக்கத்தை மூடாமல், புத்தகத்தை மேசை நடுவே நகர்த்தினான்.

கத்தரிக்கோலுக்குப் பொறுக்கவில்லை. "ஒருத்தர் படிச்சாச்சுல்ல? வா."

"ரெண்டு பேர் படிச்சிட்டு இருக்காங்க," என்றது புத்தகம். "பேசாம இரு."