எழுபத்தெட்டுச் சீட்டும் ஒரு வேட்டித் துணியும்

கோவையில் ஒரு தையல் கடையின் மாடியில் ஜெசிந்தா டாரட் சீட்டு பார்த்து வருங்காலம் சொல்வாள். வயது முப்பத்து நாலு. அவளுடைய ஒரே மாணவி குமுதவல்லிக்கு அறுபத்தொன்று. முப்பத்தாறு வருஷம் பள்ளிக்கூடத்தில் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவர். தெருவே அவரை டீச்சரம்மா என்றது. அவர் ஜெசிந்தாவை டீச்சர் என்றார். கற்றுக்கொள்ள வந்த இடத்தில் வயதைத் தூக்கிச் சுமந்து என்ன ஆகப்போகிறது?

ஜெசிந்தாவின் சீட்டுக்கட்டு வாங்கிப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. பார்த்தால் நேற்றுப் பிரித்தது போல இருக்கும். குமுதவல்லிக்கு அதைத் தொடவே கை கூசும்.

"எப்படிச் சுத்தம் பண்றீங்க டீச்சர்?" என்று முதல் நாளே கேட்டார்.

"சாயங்காலம் வரைக்கும் இருந்து பாருங்க."

இருந்து பார்த்தார். வந்தவர்கள் எல்லாம் போன பிறகு ஜெசிந்தா சோப்புப் போட்டுக் கையைக் கழுவித் துடைத்தாள். பழைய வேட்டித் துணி ஒன்றை எடுத்தாள். எழுபத்தெட்டுச் சீட்டையும் ஒவ்வொன்றாக எடுத்து, பார்த்து, துடைத்து, வரிசையாக வைத்தாள். சூரியன் சீட்டுக்கு எவ்வளவு நேரமோ, எலும்புக்கூடு குதிரையேறி வரும் மரணச் சீட்டுக்கும் அவ்வளவே நேரம். அவள் துடைப்பதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம் போல இருந்தது.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதானுங்க."

குமுதவல்லி நம்பவில்லை. குழம்பின் பக்குவம் கேட்டால் உப்பு, புளி, மிளகாய் என்று சொல்லி நழுவுகிறவர்களை அவர் நிறையப் பார்த்திருக்கிறார்.

ஆறு மாதம் கழித்து ஒரு திங்கட்கிழமை காலை, பெரிய பையோடு மாடியேறி வந்தார். பையிலிருந்து கல் உப்பு, சாம்பிராணி, பன்னீர், ஸ்படிகம், பட்டுத்துணி எல்லாம் வெளியே வந்தன. ஒரு சின்ன கும்பாபிஷேகத்துக்கே போதும். கடைசியாகத் தன் சீட்டுக்கட்டை எடுத்து வைத்தார்.

"இதுக்கு என்னமோ ஆயிடுச்சு டீச்சர். எல்லாம் பண்ணிப் பார்த்துட்டேன். பௌர்ணமி நிலாவுலகூட வெச்சு எடுத்தேன். எப்ப வெட்டுனாலும் ஒரே சீட்டுதான் வருது."

"எது?"

"மரணம்."

ஜெசிந்தா கட்டைக் கலைத்து வெட்டினாள். எலும்புக்கூடு. மறுபடி கலைத்து வெட்டினாள். அதே எலும்புக்கூடு. குமுதவல்லி சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

ஜெசிந்தா அந்த ஒரு சீட்டை மட்டும் மேஜைமேல் வைத்தாள். அது பொரித்த அப்பளம் போல வளைந்து நின்றது.

"இதை என்ன பண்ணுனீங்க?"

"உப்புத் தண்ணியில கழுவி வெயில்ல காயவெச்சேன். மூணு தடவை."

"அட்டைதானுங்க, வளைஞ்சிருச்சு. வளைஞ்ச எடத்துல கட்டு வாயைப் பொளந்து நிக்குது. வெட்டுனா வெரலு அங்கதான் போகும்."

முப்பத்தாறு வருஷம் வேதியியல் நடத்தியவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"எழுபத்தெட்டுல இதை மட்டும் ஏன் கழுவுனீங்க?"

குமுதவல்லி சாம்பிராணியை எடுத்துத் திரும்பப் பைக்குள் வைத்தார். பிறகு சொன்னார். பக்கத்து வீட்டுத் தெய்வானைக்குக் கழுத்தில் கட்டி. ஆபரேஷனுக்குத் தேதி குறித்தாயிற்று. எல்லாம் நல்லபடியாக முடியுமா என்று பார்க்கச் சொன்னாள். வந்தது இந்தச் சீட்டு.

"நான் ஒரு வார்த்தைகூடச் சொல்லலை டீச்சர். சட்டுனு உள்ள சொருகிட்டேன்."

"அப்புறம்?"

"ஆபரேஷனே வேண்டாம்னு உட்கார்ந்துட்டா. நாளைக்குக் காலையில ஆஸ்பத்திரியில சேரணும். அவ வீட்டுக்காரர் கெஞ்சிப் பார்த்துட்டார். கட்டைச் சுத்தம் பண்ணிட்டுத் திரும்பப் பார்த்தா, ஒரு நல்ல சீட்டு வரும், அவகிட்டக் காட்டலாம்னு நெனச்சேன்."

"டாக்டர் என்ன சொன்னாருங்க?"

"எடுத்துட்டா சரியாப் போயிடும்னு."

"அதுக்கு மேல சீட்டுக்கு என்னங்க தெரியும்? செருப்பைப் போடுங்க."

அன்றைக்கு வர வேண்டிய இரண்டு பேருக்கும் ஜெசிந்தா போன் செய்து நாளை வரச் சொன்னாள். வளைந்த சீட்டை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள்.

தெய்வானை கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். ஜெசிந்தா சீட்டைக் குமுதவல்லியின் கையில் கொடுத்துவிட்டுச் சுவரோரம் நின்றாள்.

குமுதவல்லி சீட்டை நீட்டினார். "தெய்வானை, அன்னிக்கு வந்த சீட்டு இதுதான். உன்கிட்டக் காட்டாம மறைச்சிட்டேன்."

"நான் அதை எங்கீங்க பார்த்தேன்? கண்ணாடியே போடலை" என்றாள் தெய்வானை. "உங்க மூஞ்சியத்தான் பார்த்தேன். பொணத்தைப் பார்த்த மாதிரி இருந்துச்சு. படிச்ச டீச்சரம்மாவே இப்படிப் பயந்தா, நாம பொழைக்க மாட்டோம்னு முடிவு பண்ணிட்டேன்."

குமுதவல்லி கட்டிலில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அது என் பயம். உன் உடம்பைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது. இந்த அட்டைக்கும் தெரியாது. டாக்டருக்குத்தான் தெரியும். நாளைக்கு நானும் கூட வரேன்."

தெய்வானை கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு சீட்டை வாங்கினாள். வெகுநேரம் பார்த்தாள்.

"குதிரை நல்லாத்தான் இருக்குது" என்றாள். பிறகு உள்ளே பார்த்துக் கணவரைக் கூப்பிட்டாள். "ஏனுங்க, அந்த ஆஸ்பத்திரி ஃபைலை எங்க வெச்சீங்க?"

அன்று சாயங்காலம் ஜெசிந்தா வழக்கம்போலக் கையைக் கழுவிவிட்டு உட்கார்ந்தாள். எதிரே குமுதவல்லி. கல் உப்பைக் குழம்புக்கு வைத்துக்கொள்ளச் சொல்லியாயிற்று. வளைந்த சீட்டு ஒரு தடித்த அகராதிக்கு அடியில் கிடந்தது.

துணி ஜெசிந்தாவின் கட்டை ஒவ்வொரு சீட்டாகத் துடைத்துக்கொண்டே வந்தது.

"பன்னெண்டு வருஷமாத் துடைக்கிறீங்களே டீச்சர். தினமும் துடைக்கிற அளவுக்கு இதுல என்ன அழுக்கு?"

ஜெசிந்தா அடுத்த சீட்டை எடுத்தாள். எலும்புக்கூடு. சூரியனைப் பார்த்த அதே முகத்தோடு அதையும் பார்த்தாள். துடைத்து வைத்துவிட்டுத் துணியைக் குமுதவல்லியின் கையில் கொடுத்தாள்.

"சீட்டுல அழுக்கு ஏதுங்க? தினமும் ஒவ்வொண்ணாப் பார்த்து என் மூஞ்சியத்தான் துடைச்சுக்கறேன்."