முகுந்தன் ஒளிச்சு வச்ச மவுஸ்

ஒரு ஊர்ல ஒரு புருஷன் பொண்டாட்டி இருந்தாங்க. எந்த ஊருன்னு கேப்ப, உனக்கு எல்லாத்துக்கும் ஊர் பேர் வேணும். ஓசூர்னு வச்சுக்கோ. புருஷன் பேரு முகுந்தன், ஒரு கம்பெனியில வேலை. பொண்டாட்டி பேரு எழிலரசி, பள்ளிக்கூடத்துல விளையாட்டு டீச்சர். காலை நீட்டிப் படு. பெரியம்மா மேல போடாத. ம், அப்படித்தான்.

இந்த முகுந்தன் இருக்கானே, ஆபீஸ் விட்டு வந்ததும் கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்துடுவான். அஞ்சு பேர் இந்தப் பக்கம், அஞ்சு பேர் அந்தப் பக்கம், டுப் டுப் டுப்புனு சுட்டுக்கற விளையாட்டு. உங்கண்ணன் விளையாடறானே, அதே மாதிரி. முகுந்தனோட கூட்டாளிங்க நாலு பேரும் வேற வேற ஊர்ல இருந்து விளையாடுவாங்க. ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை பந்தயம்.

அவன்கிட்ட ஒரு பழைய மவுஸ் இருந்துச்சு. வயர் வச்சது. ஒரு தடவை அமுக்கினா ரெண்டு தடவை சுடும். இழுத்தா வயர் போய் டீ டம்ளர்ல மாட்டும். சரி, வயரில்லாத மவுஸ் ஒண்ணு வாங்கிடலாம்னு தேட ஆரம்பிச்சான். தேடித் தேடி கடைசியில ரெண்டு மவுஸ்ல வந்து நின்னான். ஒண்ணு கறுப்பு, ஒண்ணு சாம்பல். ரெண்டும் ஒரே கம்பெனி. விலையும் ஒண்ணு, எடையும் ஒண்ணு. கறுப்புக்கு முதுகு கொஞ்சம் தட்டை, சாம்பலுக்கு முதுகு கொஞ்சம் மேடு. அவ்ளோதான் வித்தியாசம். உனக்கும் எனக்கும் ரெண்டும் ஒண்ணுதான். ஆனா முகுந்தனுக்கு அப்படி இல்ல. சாப்பிடும்போது இதே பேச்சு, துணி மடிக்கும்போது இதே பேச்சு. எழில் ம் ம்னு கேட்டுட்டே இருப்பா. இப்ப நீ கொட்டறியே, அந்த மாதிரி பாதித் தூக்கத்து ம்.

ஒரு நாள் படுத்துக்கிட்டே முகுந்தன் சொல்லிட்டான், கறுப்புதான், முடிவு பண்ணிட்டேன்னு. ஆனா எழில் அதுக்குள்ள தூங்கிட்டா. பாவம், நாள் பூரா பசங்களோட மைதானத்துல ஓடினவ. முகுந்தன் செவத்துக்கிட்ட முடிவைச் சொல்லிட்டுத் தூங்கினான்.

அப்புறம் என்னாச்சு, முகுந்தனுக்குப் பொறந்த நாள் வந்துச்சு. எழில் வேலைக்குச் சேந்து முதல் சம்பளம் வாங்கியிருந்தா. நேரா பஸ் ஸ்டாண்டு பக்கத்துல இருக்கற கம்ப்யூட்டர் கடைக்குப் போனா. கடைக்காரர் பேரு ஃபயாஸ் பாய். அவர் ரெண்டு மவுஸையும் எடுத்து வச்சார். எழில் இதைத் தூக்கிப் பாத்தா, அதைத் தூக்கிப் பாத்தா, உருட்டிப் பாத்தா. கடையில வந்தவங்க எல்லாம் வாங்கிட்டுப் போயிட்டாங்க, இவ மட்டும் நின்னுட்டே இருந்தா. கடைசியில ஒண்ணை எடுத்தா.

எதை? ம்... சாம்பலை.

முகுந்தன் டப்பாவைப் பிரிச்சான். பிரிச்சதும் மூஞ்சி, கஷாயம் குடிச்ச மூஞ்சி. ஆனா வாய் மட்டும், ரொம்ப நல்லா இருக்கு எழில்னு சொல்லிச்சு. அவ ஒரு மணி நேரம் கடையில நின்னு ஆசையா வாங்கிட்டு வந்தது. இது வேணாம்னு சொல்ல அவனுக்கு மனசு வரல. நல்லவன்தான். கொஞ்சம் பயந்தாங்கொள்ளி.

ஆனா சாம்பல் அவன் கைக்கு ஒத்துக்கவே இல்ல. ஏன்னா அவன் உள்ளங்கையால மவுஸைப் புடிக்க மாட்டான். விரல் நுனியாலதான் புடிப்பான், பல்லியைப் புடிக்கற மாதிரி. அந்த மேட்டு முதுகு குறுக்க வந்து இடிச்சுச்சு. ஆளைச் சுட்டா செவத்துல படும், செவத்தைச் சுட்டா வானத்துக்குப் போகும். கூட்டாளிங்க நாலு பேரும், என்னடா ஆச்சு உனக்குன்னு திட்டினாங்க. இன்னும் ரெண்டு பந்தயம் தோத்தா உன்னை வெளிய உக்கார வச்சுடுவோம்னும் சொல்லிட்டாங்க.

அப்போ முகுந்தன் என்ன பண்ணினான், ஃபயாஸ் பாய் கடைக்குப் போனான். மாத்திக் குடுங்கன்னு கேட்டான். டப்பா பிரிச்சாச்சு தம்பி, மாத்த முடியாதுன்னார். மறுநாள் டப்பாவுக்கு செல்லோ டேப் போட்டு ஒட்டி எடுத்துட்டுப் போனான். பாய் டேப்பைப் பாத்தார், அவனைப் பாத்தார், டப்பாவைத் திருப்பிக் குடுத்தார். மூணாவது நாள் போய் கறுப்பையே காசு குடுத்து வாங்கிட்டான். எழில் வந்தா மட்டும் சொல்லிடாதீங்க பாய்னு கெஞ்சிட்டு வந்தான்.

ம் சொல்லு. தூங்கிட்டியா? சரி.

இப்ப வீட்ல ரெண்டு மவுஸ். ஒண்ணு மேஜை மேல, ஒண்ணு ஒளிவுல. எழில் இல்லாதப்போ கறுப்பு, எழில் வந்தா சாம்பல். ஆனா வயரில்லாத மவுஸுக்கு ஒரு விஷயம் இருக்கு. கம்ப்யூட்டர்ல புளியங்கொட்டை மாதிரி குட்டியா ஒண்ணு சொருகணும். அதுக்கு ரிசீவர்னு பேரு. கறுப்போட ரிசீவர் கறுப்பு பேச்சைத்தான் கேக்கும், சாம்பலோடது சாம்பல் பேச்சைத்தான் கேக்கும். இங்கதான் முகுந்தன் மாட்டிக்கிட்டான்.

ஒரு நாள் கறுப்பை வச்சு விளையாடிட்டு இருக்கான். டக் டக்னு செருப்புச் சத்தம். எழில். படக்குனு கறுப்பு மேல துண்டைப் போட்டான், சாம்பலைப் புடிச்சுக்கிட்டான். ஆனா சொருகியிருக்கறது கறுப்போட ரிசீவர் ஆச்சே. சாம்பலை எப்படி ஆட்டினாலும் உள்ள இருக்கற சிப்பாய் திரும்பவே மாட்டேங்கறான். நேரா போய் செவத்துல முட்டிக்கிட்டு, முட்டிக்கிட்டு, அங்கயே நடக்கறான்.

எழில் கேட்டா, "ஏங்க, உங்க ஆளு ஏன் செவத்துல முட்டறான்?"

"யோசிக்கிறான்" அப்படின்னான் முகுந்தன்.

சிரிக்காத, தூக்கம் போயிடும்.

இன்னொரு நாள் கறுப்பை ஹெல்மெட்டுக்குள்ள ஒளிச்சு வச்சான். ஒளிச்சதை மறந்துட்டு, காலையில அவசரமா ஹெல்மெட்டைத் தலையில கவுத்தான். ணங். சாயந்திரம் எழில் தடவிப் பாத்து, தலையில என்னங்க வீக்கம்னா. ஆபீஸ்ல கதவு இடிச்சுடுச்சுன்னான்.

மூணாவது நாள் ரொம்ப புத்திசாலியா பரண் மேல, பழைய மிக்ஸி டப்பாக்குள்ள ஒளிச்சான். சாம்பலை மேஜை மேல அழகா வச்சான். நிம்மதியா ஆபீஸ் போனான். ஆனா கறுப்போட ரிசீவரைப் புடுங்க மறந்துட்டான். சாம்பலோட ரிசீவர் அவன் சட்டைப் பாக்கெட்லயே போயிடுச்சு.

அன்னிக்கு எழிலுக்கு லீவு. ஸ்கூல் விளையாட்டு விழாவுக்கு யார் யார் எந்தப் போட்டின்னு டைப் பண்ண உக்காந்தா. மவுஸ் அசையல. தட்டிப் பாத்தா, துடைச்சுப் பாத்தா, போன் சார்ஜர்ல சொருகிப் பாத்தா. பச்சை விளக்கு ஜம்முனு எரியுது, ஆனா அசையல. எழிலுக்கு முகம் வாடிப் போச்சு. நான் வாங்கிக் குடுத்தது ஓட்டை மவுஸு, அதான் அன்னிக்கு சிப்பாய் செவத்துல முட்டினான், என் மனசு கஷ்டப்படும்னு இவர் ஒரு வார்த்தை சொல்லாம சமாளிச்சுட்டு இருக்கார்னு நினைச்சா. நினைக்க நினைக்க கடைக்காரர் மேல கோவம் கோவமா வந்துச்சு.

டப்பா, மவுஸ், ரிசீவர் எல்லாத்தையும் அள்ளிக்கிட்டு கடைக்குப் போனா. கடை நிறைய ஆளுங்க. விளையாட்டு டீச்சர் குரல், மைதானத்துக்கு அந்தப் பக்கம் வரைக்கும் கேக்கும். முதல் சம்பளத்துல வாங்கினேன், ஏமாத்திட்டீங்களே பாய்னு சத்தம் போட்டா. எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க. ஃபயாஸ் பாய் ரிசீவரை வாங்கிப் பாத்தார். அதுல பொடியா ஒரு சிவப்புக் கோடு. அவருக்குப் புரிஞ்சு போச்சு.

மவுஸ் நல்லாத்தான்மா இருக்கு, இது வேற மவுஸோட ரிசீவர்னார். வேற எந்த மவுஸுன்னு கேட்டா. பாய் டீ சொல்லட்டுமான்னார். எழில் அலமாரியைப் பாத்தா. அங்க கறுப்பு மவுஸோட டப்பா. டப்பாவுல ரிசீவர் படம். படத்துல சிவப்புக் கோடு.

இதை என் வீட்டுக்காரர் வாங்கினாரான்னு மெதுவா கேட்டா. பாய் தலையைச் சொறிஞ்சுக்கிட்டு, சொல்லக்கூடாதுன்னு சொல்லியிருக்காரும்மான்னார். அப்படின்னா சொல்லிட்ட மாதிரிதானே?

வர்ற வழியெல்லாம் எழில் பேசல. தனியா வந்தா, யார்கிட்ட பேசுவா. ஆனா மனசுக்குள்ளயும் பேசல. அப்படி ஒரு வருத்தம். வீட்டுக்கு வந்து ஒரு இடம் விடாம தேடி மிக்ஸி டப்பாவைக் கண்டுபுடிச்சா.

முகுந்தன் வந்தான். காபி குடுத்தா. வாங்க, ஒரு விளையாட்டு விளையாடலாம்னு சொல்லி துப்பட்டாவால அவன் கண்ணை இறுக்கிக் கட்டினா. மேஜை முன்னாடி உக்கார வச்சு, கையில ஒரு மவுஸைக் குடுத்தா. இது எது சொல்லுங்கன்னா.

அவன் விரல் நுனியால தொட்டான். கறுப்பு. அப்படியே வேர்த்துப் போச்சு. ஆனா கறுப்புன்னு எப்படிச் சொல்லுவான்? இது நீ வாங்கிக் குடுத்ததுன்னான்.

அதை எடுத்துட்டு இன்னொண்ணை வச்சா. சாம்பல். இது எதுன்னா. இதுவும் நீ வாங்கிக் குடுத்ததுன்னான்.

மூணாவதா, வலது கையில ஒண்ணு, இடது கையில ஒண்ணு, ரெண்டையும் சேத்து வச்சா. இப்ப என்ன சொல்லுவான்? ரெண்டு மவுஸையும் புடிச்சபடியே உக்காந்திருந்தான். கட்டை அவுக்கக்கூட அவனுக்குத் தைரியம் வரல.

"எதுங்க நல்லா இருக்கு?" எழில் கேட்டா. "இப்பவாவது நிஜத்தைச் சொல்லுங்க."

"கறுப்பு"ன்னான். "நீ ஆசையா வாங்கிட்டு வந்தே. எப்படி வேணாம்னு சொல்றதுன்னு தெரியல."

"வேணாம்னு சொல்லியிருந்தா ஒரு நாள் வருத்தப்பட்டிருப்பேன். இன்னிக்கு உங்களுக்காக, ஒரு தப்பும் பண்ணாத மனுஷனை அத்தனை பேர் முன்னாடி திட்டிட்டு வந்திருக்கேன்."

முகுந்தன் கட்டை அவுத்தான். எழில் கண்ணுல தண்ணி. அவ அழுது அவன் பாத்ததே இல்ல. அன்னிக்கு அவன் கம்ப்யூட்டரைத் தொடவே இல்ல. கூட்டாளிங்க போன் பண்ணிப் பாத்தாங்க, அவன் எடுக்கல.

மறுநாள் ரெண்டு பேரும் கடைக்குப் போனாங்க. அன்னிக்கும் கடை நிறைய ஆளுங்க. முகுந்தன் எல்லார் காதுலயும் விழற மாதிரி, தப்பு என் மேல பாய், எழில் கோவப்பட்டதுக்கும் நான்தான் காரணம், மன்னிச்சுடுங்கன்னு சொன்னான். அவனை மாதிரி பயந்தாங்கொள்ளிக்கு அது எவ்வளவு பெரிய வேலை தெரியுமா? காது ரெண்டும் சிவந்து போச்சு. எழிலும் பாய்கிட்ட மன்னிப்புக் கேட்டா. பாய் சிரிச்சுக்கிட்டே, ஒரு சந்தேகம்மா, அன்னிக்கு அவ்ளோ நேரம் பாத்துட்டு ஏன் சாம்பலை எடுத்தீங்கன்னார்.

கையில வச்சுப் பாத்தேன், அப்படியே உக்காந்துச்சுன்னா.

"யார் கையில?"

எழில் வாயைத் திறந்தா, மூடினா. "என் கையில"ன்னா.

பாய் ரெண்டு பேரையும் உள்ளங்கையோட உள்ளங்கை வச்சுக் காட்டச் சொன்னார். எழில் விரல் முகுந்தன் விரலைத் தாண்டி, ஒரு நகம் உசரத்துக்கு மேல நின்னுச்சு. சின்ன வயசுலேர்ந்து வாலிபால் ஆடின கை ஆச்சே. முதல்ல எழில்தான் சிரிச்சா. அப்புறம் முகுந்தன். அப்புறம் கடையே சிரிச்சுது. சாம்பலை இனிமே நானே வச்சுக்கறேன்னு சொல்லிட்டு வந்துட்டா எழில்.

ம்? இன்னும் கொஞ்சம்தான்.

ஞாயித்துக்கிழமை பந்தயம். கூட்டாளிங்கள்ல ஒருத்தன் ஊர்ல கரண்ட் இல்ல. நாலு பேர்தான், ஆள் பத்தல. முகுந்தன் எழிலைப் பாத்தான். வீட்ல இருந்த லேப்டாப்ல சாம்பலைப் போட்டு அவளும் உக்காந்தா.

முதல் ஆட்டம். டமால். யாரைச் சுட்டா தெரியுமா? முகுந்தனை. தெரியாம பட்டுடுச்சுங்கன்னா. முகுந்தன் நம்பினான். எனக்கு என்னவோ சந்தேகம்தான்.

ரெண்டாவது ஆட்டம். தடதடன்னு ஓடிப் போய் எதிரிங்க நடுவுல நின்னா. டுப். போச்சு.

மூணாவது ஆட்டம். இவங்க பக்கம் எல்லாரும் விழுந்துட்டாங்க, எழில் ஒருத்திதான் பாக்கி. அந்தப் பக்கமும் ஒருத்தன் பாக்கி. எழிலுக்கு நடக்கற பட்டன் எதுன்னு மறந்து போச்சு. ஒரு பெட்டிக்குப் பின்னாடி அப்படியே நிக்கறா. முகுந்தன் மூச்சுக்கூட விடல. அந்த ஆளு இங்க யாரும் இல்லைன்னு சாவகாசமா நடந்து வர்றான், சரக், சரக், சரக். பெட்டி பக்கத்துல வந்தான். எழில் சாம்பலை லேசா ஒரு திருப்பு திருப்பினா.

டுப்.

அந்த ஆட்டம் இவங்களுக்கு. ஆனா மொத்தத்துல அன்னிக்குத் தோத்துதான் போனாங்க, அதை ஏன் மறைக்கணும். அடுத்த ஞாயிறு அந்தக் கரண்ட் இல்லாதவன் வந்துட்டான். ஆள் சரியா இருந்துச்சு. அப்பவும் கூட்டாளிங்க முகுந்தனுக்குப் போன் பண்ணினாங்க. மச்சான், நீ வேணா இந்த வாரம் ரெஸ்ட் எடு, எழில் அக்காவை வரச் சொல்லுன்னாங்க.

முகுந்தன் என்ன பண்ணினான்? எழில் பக்கத்துல ஒரு நாற்காலியைப் போட்டு உக்காந்தான். நடக்கற பட்டன் இதுன்னு காட்டிட்டு, அவளுக்குப் பதிலா சமையலுக்கு வெங்காயம் நறுக்கப் போனான்.

அவங்க அங்க விளையாடட்டும். நம்ம கதை இத்தோட சரி. ம் கூட வரலியே. சரி தங்கம், தூங்கு.