மேலைத் தெருவில் ஒரு வீடு

தென்னாட்டிலிருந்து பருத்தித் துணி கொண்டுபோய் விற்ற வணிகர் குலத்தில் தோன்றியவரும், வெண்மணல் நகரத்துப் பெரும் பண்டகசாலையில் கணக்கராய் வீற்றிருந்து ஒரு காசும் பிசகாமல் கணக்கை ஒப்படைத்து ஓய்வு கொண்டவருமாகிய மருதனார் மகனார் அந்துவனார் என்னும் பெரியவருக்கு, இக்கதை நிகழ்ந்த ஆண்டில் அகவை அறுபத்து மூன்று.

அவருக்கு மனைவி இல்லை. மக்கள் இல்லை. வீடும் இல்லை. ஒரு கதவு மட்டும் இருந்தது.

வெண்மணல் நகரம் பாலை நடுவே அமைந்தது. அங்கே மண்சுவரை எவரும் எழுப்பிவிடலாம். கதவுக்கு வேண்டிய மரமோ பல மாதப் பயணத் தொலைவிலிருந்து ஒட்டகத்தின் முதுகில் வரவேண்டும். ஆகவே அந்நகரத்தில் கதவு வீட்டைச் சேர்ந்ததன்று, ஆளைச் சேர்ந்தது. வீட்டை விற்பவன் தன் கதவைக் கழற்றி எடுத்துக்கொண்டு போவான். வாங்குகிறவன் தன் கதவைக் கொண்டுவந்து மாட்டுவான். மாட்டிய கதவே பத்திரம்.

அந்துவனார் இளமையிலேயே ஒரு தேக்குக் கதவை வாங்கிவிட்டார். ஆனால் அவர் கையில் பொருள் சேரச் சேர, வீட்டின் விலை அதற்கு ஒரு படி மேலே ஏறி நின்றது. ஆகையால் வாடகை அறைகளில் அக்கதவைத் தரையில் கிடத்தி, அதன்மேல் பாய் விரித்துப் படுத்து வந்தார்.

"எல்லாரும் கதவைச் சாத்திவிட்டுத் தூங்குவார்கள். எங்கள் கணக்கர் அதையும் படுக்கவைத்துத்தான் தூங்குவார்" என்று பண்டகசாலையில் சிரிப்பார்கள்.

அவரும் சேர்ந்து சிரிப்பார். ஆனால் என்றாவது ஒருநாள் சொந்தச் சுவரில் அந்தக் கதவைத் தூக்கி நிறுத்தி, உள்ளே போய்த் தாழிட்டுக்கொண்டு, அந்த வீட்டிலேயே கண்ணை மூடவேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு ஆசை கிடையாது.

அவ்வாண்டு ஒட்டக வரிசைகளாய் வரும் வணிகச் சாத்துகள் வழி மாறின. வடக்கே புதிய கிணறுகள் தோண்டியிருக்கிறார்கள் என்றார்கள். ஒட்டகங்கள் அந்தப் பக்கம் திரும்பிவிட்டன. சந்தை மெலிந்தது. விற்பவர் பெருகினர், வாங்குவார் இல்லை. நூறு பொன்னுக்குக் குறையாத வீடுகள் அறுபதுக்கு வந்தன.

மேலைத் தெருவில் ஒட்டகச் சேணம் தைக்கும் கொற்றன் தன் வீட்டை அறுபது பொன்னுக்குச் சொன்னான். அந்துவனாரிடம் அறுபது பொன் இருந்தது.

அவர் தம் குருவிடம் போனார்.

குரு எயினி அம்மைக்கு நாற்பத்தொரு வயதுதான். நகரத்து மேற்கு வாயிலருகே தண்ணீர்த் தோற்பை தைத்துப் பிழைப்பவர். மகள் வயதுப் பெண்ணிடம் உபதேசம் கேட்கிறார் என்று ஊரில் பேசினார்கள். அந்துவனார் அதற்குச் செவி கொடாமல் பதினோராண்டாக அம்மையின் எதிரே வந்து அமர்ந்து வந்தார்.

"அம்மையே, வீட்டு விலை இன்னும் இறங்குமா?"

"இறங்கும்."

"அப்படியானால் பொறுத்து வாங்கலாமா?"

அம்மை ஊசியில் நூலைக் கோத்தார்.

"கொற்றன் வீட்டில் மிகுதியாக ஒரு துடைப்பம் இருக்கிறதா என்று கேளும். விலை முடிகிற வரையில் விடியலில் போய் அவனோடு மணல் வாரும்."

"இன்னும் வாங்காத வீட்டுக்கா?"

"வாங்கினால் வாருவீர் அல்லவா?"

மேலைத் தெரு காற்றின் வாயில் இருந்தது. இரவெல்லாம் பாலைக்காற்று மணலைக் கொண்டுவந்து தெருவில் கொட்டும். விடிந்ததும் வீட்டுக்கொருவர் துடைப்பத்தோடு வெளியே வந்து, தத்தம் வாசல் மணலை வாரிக் கூடையில் சுமந்து மதிலுக்கு அப்பால் எறிவார்கள். வெயில் ஏறுமுன் தெரு சுத்தமாகிவிடும். இதற்கு அரசாணை கிடையாது. வாராதவன் வாசலில் எவரும் தண்ணீர் கேட்கமாட்டார்கள், அவ்வளவுதான்.

மறுநாள் விடியலில் அந்துவனாரைக் கண்ட கொற்றன் இடுப்பில் கை வைத்து நின்றான்.

"ஓய் கதவுக்காரரே, வீட்டைப் பார்க்க வந்தீரா, வேலைக்கு வந்தீரா?"

"குருவின் கட்டளை."

"கூலி கிடையாது."

"கேட்கவில்லை."

"அப்படியானால் இடுப்பை வளையும். மணல் உம்மைக் குனிந்து கும்பிடாது."

வாரிக்கொண்டே கொற்றன் தன் எண்ணத்தைச் சொன்னான். அறுபது பொன் வந்தால் தோல் வாங்குவான். முன்கட்டு அந்துவனாருக்கு. பின்கட்டுச் சாய்ப்பில் அவனும் அவன் மனைவி வேண்மாளும் வாடகைக்கு இருந்துகொள்வார்கள். ஊரைவிட்டுப் போகவேண்டியதில்லை.

"சாத்தே வராத ஊரில் சேணம் தைத்து எவரிடம் விற்பீர்?" என்று அந்துவனார் கேட்டார்.

"போகிறவனும் ஒட்டகத்தில்தானே போவான்? இவ்வளவு பேர் போகிறார்களே, எனக்கு இதைவிட நல்ல காலம் எப்போது வரும்?"

வேண்மாள் உள்ளிருந்து கூழ் கொண்டுவந்தாள். "குடியுங்கள் அண்ணா. இவர் பேச்சைக் கேட்டால் வீட்டை வாங்குகிற ஆளும் ஊரைவிட்டு ஓடிப்போவார்."

அன்றைக்கே பொன்னைக் கொடுத்துவிடலாம் என்று அந்துவனாருக்குத் தோன்றிற்று. வழியில் தரகர் நாகன் எதிர்ப்பட்டார்.

"ஐயா கணக்கரே, இந்த மாதம் வாங்குகிறவன் அவசரக்காரன். அடுத்த மாதம் வாங்குகிறவன் புத்திசாலி. அதற்கும் அடுத்த மாதம் வாங்குகிறவனிடம்தான் நான் தரகு கேட்பேன்."

"இறங்கும் என்று என் குருவும் சொன்னார்."

"பார்த்தீரா? குருவுக்கே தெரிந்திருக்கிறது."

அந்துவனார் பொன்னை இடுப்பிலேயே முடிந்துகொண்டார்.

அடுத்த திங்களில் மேலைத் தெருவிலிருந்து எண்ணெய் விற்பவர் குடும்பம் புறப்பட்டது. பின்னர் நெசவுக்காரர்கள். கதவைக் கழற்ற இரண்டு ஆள் வேண்டும். விடியலில் தெருவில் நிற்பவர் அந்துவனார். "பெரியவரே, ஒரு பக்கம் பிடியும்" என்பார்கள். அவர் பிடிப்பார். கதவு ஒட்டகத்தின்மேல் ஏறும். வீட்டின் வாய் திறந்தபடியே கிடக்கும். மறுநாள் அந்த வாசலில் மணல் வாரப்படாது.

கொற்றன் ஐம்பதுக்கு இறங்கினான். அந்துவனார் அம்மையிடம் விரைந்தார்.

"ஐம்பதுக்கு வந்துவிட்டது அம்மையே."

"தெருவில் இப்போது எத்தனை துடைப்பம்?"

அவர் மனத்தில் எண்ணிப் பார்த்தார். "ஏழு."

"இன்னும் இறங்கும்" என்றார் அம்மை.

அந்துவனாருக்கு உடல் புல்லரித்தது. பதினோராண்டுப் பணிவிடைக்குக் குரு தமக்கென்று ஓர் இரகசியத்தைத் திறந்து காட்டிவிட்டார் என்றே கொண்டார். தம்மைவிடத் தந்திரசாலியான நாகனிடம்கூட அதை முழுதாகச் சொல்லவில்லை.

ஏழு துடைப்பம் ஐந்தாயிற்று. ஐந்து மூன்றாயிற்று. முன்பெல்லாம் சூரியன் மதிலைத் தொடுமுன் முடிந்த வேலை, இப்போது உச்சிவேளை வரை நீண்டது. போனவர்கள் வாசலில் குவிந்த மணல், இருப்பவர்கள் வாசலுக்குச் சரிந்து வந்தது. கொற்றனின் கேலி குறைந்தது, இருமல் கூடியது. விலை நாற்பது. பிறகு முப்பது.

ஒருநாள் அவர் கூடையோடு திரும்பியபோது வேண்மாள் வாசலில் காத்திருந்தாள்.

"அண்ணா, முப்பதைக் கொடுத்துவிடுங்கள். தோல்காரன் நாளைக்கு வருகிறான். இனிமேல் இந்த ஊர்ப் பக்கம் திரும்பமாட்டானாம். நாளைக்குத் தோல் இறங்கினால் நாங்கள் இருப்போம். இல்லையென்றால் இவரைக் கூட்டிக்கொண்டு நான் எங்கேயாவது போகவேண்டும்."

அந்துவனாரின் கை இடுப்பு முடிச்சின்மேல் இருந்தது. அறுபது பொன்னும் அங்கேதான் இருந்தது. முடிச்சைத் தடவிப் பார்த்தார். இருபதுக்கு வாங்கினால் மீதிப் பொன்னில் வாழ்நாள் முழுவதும் கையேந்தாமல் சாப்பிடலாமே என்று கணக்கு ஓடிற்று.

"இன்னும் ஒரு திங்கள் பொறு அம்மா."

"நான் பொறுப்பேன்" என்றாள் வேண்மாள். "மணலையும் கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்கள்."

அவள் உள்ளே போய்விட்டாள். அன்று கூழ் வரவில்லை.

தோல்காரன் வந்தான், இறக்காமலே போனான்.

பங்குனியில் ஒரு விடியலில் அந்துவனார் வந்தபோது கொற்றனின் வாசலில் ஒட்டகம் மண்டியிட்டிருந்தது. பாத்திரங்கள் ஏறியிருந்தன. அது அவனே தைத்த சேணம்.

"நல்ல வேளைக்கு வந்தீர்" என்றான் கொற்றன். "ஒரு பக்கம் பிடியும்."

அந்துவனார் கிட்டே வந்தார். கதவின் ஒரு பக்கத்தைப் பிடித்தார். அது அவருடைய கதவைப் போலத் தேக்கன்று, இலேசான மரம். எளிதில் கழன்று வந்தது.

"விலை பேசவில்லையே" என்றார்.

"எதற்கு?"

"வீட்டுக்கு."

"ஊர் வழக்கம் உமக்குத் தெரியாதா? விற்காமல் கதவைக் கழற்றிக்கொண்டு போனால், அடுத்தபடி எவன் கதவு மாட்டுகிறானோ அவன் வீடு. மாட்டிக்கொள்ளும்."

"இருபது தருகிறேன் கொற்றா. அன்று சொன்ன முப்பதாகவே வைத்துக்கொள்."

கொற்றன் கதவைக் கயிற்றால் இறுக்கிக் கட்டினான்.

"முப்பது பொன் எனக்கு வேண்டியிருந்தது ஐயா, தோல்காரன் வந்த அன்றைக்கு. இப்போது அதைக் கட்டிக்கொண்டு பாலையில் போனால் கள்வனுக்குப் பயந்து தூக்கம் கெடும். வைத்துக்கொள்ளும். உமக்குப் பொன்னை வைத்துக்கொள்ளப் பழக்கம் உண்டு."

வேண்மாள் துடைப்பத்தைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தாள். ஒட்டகம் எழுந்தது. தெருமுனை வரை அவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள் என்று அந்துவனார் நின்றார். அவர்கள் திரும்பவில்லை.

அன்று மாலையே ஆள் வைத்துத் தம் தேக்குக் கதவைச் சுமந்துவந்து மாட்டினார். கதவு நிலையில் பொருந்தி உட்கார்ந்தது. உள்ளே போய்த் தாழிட்டார். நெடுங்காலம் நினைத்திருந்த ஓசை கேட்டது. அதன்பின் தெருவில் வேறோர் ஓசையும் இல்லை.

விடிந்ததும் கதவைத் திறந்தார். முழங்கால் அளவு மணல் வீட்டுக்குள் சரிந்தது. துடைப்பத்தை எடுத்தார். மீதமிருந்த இரண்டு குடும்பங்களும் முந்தைய வாரமே போயிருந்தன என்பது அப்போதுதான் அவர் நினைவில் உறைத்தது. தம் வாசலை வாரினார்; பக்கத்து வாசல் மணல் சரிந்து வந்தது. பக்கத்து வாசலை வாரினார். அதற்கு அடுத்தது சரிந்தது. ஆள் வைத்து வாரலாம் என்று மேற்கு வாயிலுக்குப் போய்க் கூலி கேட்டார். ஒரு தெரு முழுவதும் நாள்தோறும் வாருவதற்கு அவர்கள் சொன்ன கூலியைக் கேட்டு, கணக்கர் அல்லவா, மனத்திலேயே வகுத்துப் பார்த்தார். அறுபது பொன் அடுத்த பங்குனியைக் காணாது.

அவர் அம்மையை அழைத்தார். "புதுமனை புகுந்திருக்கிறேன். ஒருமுறை வந்து அடி வைக்கவேண்டும்."

எயினி அம்மை வந்தார். மணலில் கால் புதையப் புதைய மெல்ல நடந்து, தெருமுனையிலிருந்து அவ்வீட்டு வாசல் வரை வந்து சேர்ந்தார். உள்ளே நுழையவில்லை. வாசலில் குவிந்த மணலின்மேல் அமர்ந்தார்.

"நல்ல கதவு" என்றார்.

"அம்மையே, தெருவில் ஒருவரும் இல்லை."

"ஆமாம்."

"நான் ஒருவன் வாரி இந்த வீட்டைக் காக்கமுடியாது. ஆடி மாதக் காற்றுக்கு இது நிலைவரை புதைந்துவிடும்."

"புதைந்துவிடும்."

அந்துவனாரின் குரல் உயர்ந்தது. குருவின்முன் அவர் குரல் உயர்ந்தது அதுவே முதல்முறை.

"நான் அறுபதுக்கே வாங்கியிருந்தால் கொற்றன் இருந்திருப்பான். அவன் இருந்தால் இன்னும் நாலு பேர் இருந்திருப்பார்கள். உங்களுக்கு இது தெரிந்தேயிருக்கிறது. இத்தனை முறை வந்து உங்கள் காலடியில் கேட்டேனே. வாங்கு என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாகாதா?"

அம்மை அவர் முகத்தைப் பார்த்தார். அப்பார்வையில் கோபமும் இல்லை, இரக்கமும் இல்லை.

"ஒவ்வொரு முறையும் நீர் என்னிடம் விலையைத்தான் கேட்டீர் அந்துவனாரே. இறங்கும் என்றேன். அதில் ஒரு காசாவது பிசகிற்றா?"

அம்மை எழுந்து, சேலையில் ஒட்டிய மணலை உதறிவிட்டு, வந்த வழியே போனார்.

மேலைத் தெரு வீட்டின் விலை இவ்வாறு முடிவான நாள், பங்குனித் திங்கள், தேய்பிறை ஒன்பதாம் நாள், புதன்கிழமை.