செவனம்மா அடித்த கோழி

சேர்மராஜுக்குப் பொய் சொல்ல வராது. தும்பிமலை எஸ்டேட்டில் சங்கத்து எழுத்து வேலையெல்லாம் முப்பது வருஷமாக அவர் கையில்தான். ஒரு வரி கூட்டியும் எழுதியதில்லை, குறைத்தும் எழுதியதில்லை. அதனால்தான், இலங்கைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வர யாரை அனுப்புவது என்று பேச்சு வந்தபோது எல்லாரும் அவர் பக்கம் திரும்பினார்கள். தும்பிமலைக்குப் பிடித்த சனி அன்றைக்கே பிடித்துவிட்டது.

விஷயம் இதுதான். கூலி உயர்வுப் பேச்சு ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில் வந்து முட்டிக்கொண்டு நிற்கும்.

"இலங்கையில உங்களவிடக் குறைஞ்ச கூலிக்குக் கொழுந்து பறிக்கிறாங்க. அவங்க தேயிலையோட நாங்க எப்படிப் போட்டி போடுறது?" என்பார் மேனேஜர்.

"குறைஞ்ச கூலியில அவங்க படுற பாடு உங்களுக்குத் தெரியுமா?" என்பார் சங்கத் தலைவர்.

மேனேஜருக்கும் தெரியாது, தலைவருக்கும் தெரியாது. போய்ப் பார்த்தவர் ஒருத்தரும் இல்லை.

"நீங்க போய்ட்டு வாங்க" என்றார் தலைவர் சேர்மராஜிடம். "அந்தக் கூலியில மனுஷன் பொழைக்க முடியாதுன்னு நம்ம கையில ஒரு காகிதம் இருக்கணும். இருந்தா, நாள் கூலியில அம்பது ரூவா ஏத்தாம மேனேஜரு மேஜைய விட்டு எந்திரிக்க முடியாது."

ஐம்பது ரூபாய்தானே என்று சொல்லிவிடலாம். அதை நம்பிப் பெண்ணைக் கல்லூரியில் சேர்த்துவிட்டுப் பாதிப் பணம் கட்டாமல் நிற்கிறவர்கள் தும்பிமலையில் இருந்தார்கள்.

கிளம்புகிற அன்று சேர்மராஜ் முப்பிடாதி அம்மாவிடம் போனார். எஸ்டேட் எல்லையில், மாரியம்மன் கோயிலை ஒட்டிய தகரக் கொட்டகையில் இருப்பவர் அந்த அம்மா. ஒரு காலத்தில் கொழுந்து பறித்தவர்தான். ஒருநாள் தராசுக்கு முன்னால் கூடையை இறக்கி வைத்துவிட்டு நடந்தவர், அப்புறம் கூடையைத் தொடவே இல்லை. சேர்மராஜைவிடப் பத்து வயசு சின்னவர். ஆனால் ராசாவே வந்தாலும் அந்த அம்மாவுக்கு 'நீ'தான். சேர்மராஜ் குடியை விட்டது அந்தக் கொட்டகையில். அன்றிலிருந்து அவருக்குக் குரு அந்த அம்மா ஒருத்திதான்.

"அம்மா, அவங்க ரூவா வேற, நம்ம ரூவா வேற. ரெண்டையும் எப்படி ஒத்துப் பாக்குறது?"

"அங்க அரிசி விக்கிறாங்களா?"

"விக்காமயா?"

"அப்புறம் ரூவாய எதுக்குப் பாக்குற?"

சேர்மராஜ் கும்பிட்டுவிட்டுப் புறப்பட்டார்.

அங்கே அவருக்குத் தங்கச்சி முறையில் ஒருத்தி இருந்தாள். சித்தி மகள் செவனம்மா. தோட்டத்து சனத்தை ரெண்டு நாடும் பங்கு பிரித்த ஒப்பந்தத்தில் சேர்மராஜின் அம்மா கப்பலேறி இந்தப் பக்கம் வந்துவிட்டாள்; சித்தி அங்கேயே தங்கிவிட்டாள். அக்காளும் தங்கையும் சாகும்வரை ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கவில்லை. சேர்மராஜ் அந்தத் தோட்டத்து வரிசை வீட்டில், லயத்து வாசலில் போய் நின்றதும் செவனம்மா காலில் விழுந்து அழுதாள்.

"அம்மா வீட்டு சனம்னு ஒருத்தர் இந்த வாசப்படிய மிதிச்சதில்ல அண்ணே. இன்னைக்குத்தான் மிதிச்சிருக்கீங்க."

பத்து நாள் அங்கே தங்கினார். மனுஷன் வேலையில் குறை வைக்கவில்லை. காலையில் மலையேறினார், அட்டைக்கடி வாங்கினார், தராசுப் பக்கத்தில் நின்றார். ஒரு நாள் கூலிக்கு இங்கே எட்டு கிலோ அரிசி, அங்கே ஆறு கிலோ என்று எழுதினார். பறித்த கொழுந்தில் கிலோ குறைந்தால் அங்கே அரைப் பேர்தான் விழும், பாதிக் கூலிதான் என்று எழுதினார். இங்கே மழை பெய்தால் போர்த்திக்கொள்ளச் சாக்கு தருகிறார்கள், அங்கே அதுவும் இல்லை என்று எழுதினார். ஒரே அறையில் ஆறு பேர், கூரையில் நாலு ஓட்டை, அதற்குக் கீழே நாலு சட்டி. ஒன்றையும் விடவில்லை.

சாப்பாட்டையும் எழுதினார்.

முதல் நாள் மத்தியானம் செவனம்மா கோழி அடித்திருந்தாள். இலையில் சோறு குவிந்திருந்தது. கூடவே அவள் புருஷன் உட்கார்ந்தான். செவனம்மா நின்றபடி பரிமாறினாள்.

"புள்ளைங்க எங்கம்மா?"

"பக்கத்து லயத்துல வெளையாடுதுங்க அண்ணே. நீங்க சாப்பிடுங்க."

"போதும்மா, போதும்."

"அண்ணன் வயிறு நிறையலைன்னா செத்துப்போன எங்கம்மா என்னைச் சும்மா விடுவாளா?"

மறுநாள் மீன். அதற்கடுத்த நாள் கடை முட்டை. பத்து நாளும் ஏதோ ஒன்று இலையில் விழுந்துகொண்டே இருந்தது. சேர்மராஜ் நோட்டைத் திறந்து, 'உணவு: குறையில்லை. கறி, மீன், முட்டை உண்டு. நேரில் கண்டது' என்று எழுதிவிட்டார். யார் வீடு என்று கேட்டால் சொல்ல வேண்டுமே என்று செவனம்மா பேரையும் லயத்து நம்பரையும் பக்கத்திலேயே குறித்தார். நேர்மை என்றால் அப்படி ஒரு நேர்மை. கட்டி அழ வேண்டியதுதான்.

பேச்சுவார்த்தை மேஜையில், தலைவர் முழுசாகப் படிக்காமலே நீட்டிய ஒன்பது பக்கத்தையும் மேனேஜர் நிதானமாகப் படித்தார். கூரை ஓட்டையைப் படித்தார், அரைப் பேரைப் படித்தார், முகத்தில் ஒரு சலனம் இல்லை. ஏழாம் பக்கத்தில் விரலை வைத்தார்.

"இது நீங்க எழுதுனதுதானே?"

"ஆமாங்க."

"நேர்ல பாத்தீங்களா?"

"பாத்தேங்க. சாப்பிடவும் செஞ்சேன்."

"ஆறு கிலோ அரிசிக் கூலியில அவங்க கோழி அடிச்சுச் சாப்பிடுறாங்க. எட்டு கிலோ வாங்குற நீங்க இல்லைப்பாட்டுப் பாடுறீங்க. இத எந்தக் கோர்ட்டுல காட்டுனாலும் நிக்குமா, நிக்காதா?"

பழைய கூலிக்கே மூன்று வருஷத்துக்குக் கையெழுத்து ஆயிற்று. வெளியே வந்ததும் தலைவர் கேட்டார், "உங்கள நான் எதுக்குய்யா அனுப்புனேன்?" கல்லூரியில் பெண்ணைச் சேர்த்தவர்கள் அதற்கப்புறம் சேர்மராஜைக் கண்டால் பாதை மாறி நடந்தார்கள்.

அது அதோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. காகிதத்துக்குப் பாஸ்போர்ட் வேண்டாம் பாருங்கள். மேனேஜர் வாங்கி வைத்த பிரதி கடல் தாண்டிச் செவனம்மா தோட்டத்துத் துரை கைக்குப் போய்விட்டது. அங்கேயும் அப்போது கூலிப் பேச்சுதான் நடந்துகொண்டிருந்தது.

ஒரு மாதம் கழித்துச் செவனம்மா போன் பண்ணினாள்.

"அண்ணே, நல்லா இருக்கீங்களா?"

"இருக்கேம்மா. நீ?"

"இருக்கேன். இங்க தொரை உங்க காகிதத்தப் படிச்சுக் காட்டுனாரு. என் பேரையும் சேத்து. உங்க சனத்து ஆளே நீங்க நல்லாத் திங்கிறீங்கன்னு எழுதியிருக்காரே, அப்புறம் எதுக்குக் கூலி ஏத்தணும்னு கேட்டாரு. இந்த வருஷம் இல்லைன்னுட்டாங்க."

சேர்மராஜ் போனை இன்னொரு காதுக்கு மாற்றினார்.

"லயத்துல யாரும் என்கூடப் பேசுறதில்ல அண்ணே. கோழிக்காரின்னு பேரு வச்சிருக்காங்க. அது முட்டை போடுற கோழி அண்ணே. அது ஒண்ணுதான் இருந்துச்சு."

"நான் கோழிக்குப் பணம் அனுப்புறேம்மா."

"அண்ணனுக்குப் போட்ட சோத்துக்குக் காசு வாங்குற அளவுக்கு நான் இன்னும் கெட்டுப்போகல" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

சேர்மராஜ் நேரே தகரக் கொட்டகைக்கு நடந்தார். முப்பிடாதி அம்மா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். சேர்மராஜ் நடந்ததை எல்லாம் சொல்லி முடிக்கும்வரை அம்மாவின் கை நிற்கவில்லை.

"ரெண்டு மலையிலயும் கூலி போச்சும்மா. என்னாலதான் போச்சு. ஆனா நான் எழுதுனதுல ஒரு எழுத்து பொய் இல்ல."

"இல்ல."

"அந்தக் கோழிய மறைச்சிருக்கணுமா?"

"எதுக்கு மறைக்கணும்?"

"அப்ப நான் செஞ்ச தப்பு என்னம்மா? எனக்கு நெசமாவே தெரியல. தெரிஞ்சாலாவது தூங்குவேன்."

அம்மா ஒரு கல்லைப் பொறுக்கி வெளியே எறிந்தார்.

"பத்து நாளும் அவ கையாலதான சாப்பிட்ட?"

"ஆமாம்மா. பக்கத்துலயே நின்னு போட்டா."

"அவ என்ன சாப்பிட்டா?"

சேர்மராஜ் ஒவ்வொரு நாளாக நினைத்துப் பார்த்தார். சாப்பிட்டு எழுந்ததும் செவனம்மா கையில் தண்ணீர் ஊற்றுவாள், துண்டு கொடுப்பாள். அவர் வெளியே வந்து அவள் புருஷனோடு பேசிக்கொண்டிருப்பார். உள்ளே பாத்திரம் உருளும் சத்தம் கேட்கும். பிள்ளைகள் எப்போது வந்தன, எதைத் தின்றன, அதுவும் நினைவில்லை. முதல் நாள் இல்லை, மூன்றாம் நாள் இல்லை, பத்தாம் நாளும் இல்லை.

"பாக்கலம்மா. நான் கை கழுவிட்டு வெளிய வந்துருவேன்."

அம்மா முறத்தைக் கீழே வைத்தார்.

"அதப் பாத்துட்டு வரத்தானப்பா உன்ன அனுப்புனாங்க."