தூங்காத காவலாள்

முன்னொரு காலத்தில் ஏழேரி நாட்டைக் கருணாகர பூபதி என்றொரு ராஜா ஆண்டுவந்தான். ஓரிடத்தில் கால் பாவி நின்று அவனை யாரும் பார்த்ததில்லை. ஒரே மகள் அமிர்தவல்லி தும்மினால் ஓடுவான். தும்மாவிட்டால் ஏன் தும்மவில்லை என்று ஓடுவான். சிறுவயதில் அவன் தம்பி கோயில் குளத்தில் மூழ்கிப்போனான், பாவம், அன்று பிடித்த பயம் விடவில்லை. மகள் ஓடக்கூடாது, மரமேறக்கூடாது, தண்ணீர்ப் பக்கம் தலைவைத்தும் படுக்கக்கூடாது.

ஆனால் வரும் மாசித் தெப்பத்தில் அவள் ஏறிக் குளத்தைச் சுற்றியாக வேண்டும். சுற்றாத பிள்ளைக்குப் பட்டமில்லை என்பது அந்நாட்டு வழக்கம். ராஜாவுக்குச் சோறு இறங்கவில்லை.

தெப்பம் நிறையக் கவச வீரர்களை ஏற்றிவிடலாம் என்றார் தளவாய் தாண்டவராயர். மந்திரி நீலகண்டனார் சிரித்தார்.

"தூங்காத, கூலி கேட்காத காவலாள் ஒருவரை எனக்குத் தெரியும், மகாராஜா. தினம் காலையில் இளவரசியை என் வீட்டுக்கு அனுப்புங்கள், பழக்கிவிடுகிறேன். யாரென்று மட்டும் கேட்காதீர்கள்."

தளவாய்க்கு வயிறெரிந்தது. தவறினால் மந்திரியின் தலை போகவேண்டும் என்றார். போகட்டும் என்றார் மந்திரி. ராஜா இரண்டு யோசனைக்கும் தலையாட்டினான், இரண்டையும் நம்பவில்லை.

தெப்ப நாள் வந்தது. தெப்பத்தில் தளவாயும் வீரர்களும் சுற்றி நிற்க நடுவில் அமிர்தவல்லி. ராஜா கரையில் குறுக்கும் நெடுக்கும் நடந்தான். நடுக்குளத்தில் அவள் ஒரு தாமரையைப் பறிக்க லேசாகக் குனிந்தாள். பிடியுங்கள் என்று தளவாய் கத்த, அத்தனை பேரும் ஒரே பக்கம் பாய்ந்தார்கள். தெப்பம் கவிழ்ந்தது.

தம்பியை விழுங்கிய அதே குளம். வீரர்கள் தெப்பத்து மூங்கிலைப் பிடித்துத் தொங்கினார்கள். அமிர்தவல்லியோ தளவாயின் குடுமியைப் பிடித்து இழுத்தபடி நீந்திவந்து, அவரைப் படியில் கிடத்தினாள்.

"உம்முடைய காவலாள் எங்கே?" என்றான் ராஜா மந்திரியிடம்.

"இளவரசியேதான், மகாராஜா. என் வீட்டுக் கிணற்றில் மிதப்புக்குச் சுரைக்குடுக்கை கட்டி இறங்கியது குழந்தை. தண்ணீர் குடித்தது, முட்டி பேர்த்துக்கொண்டது, அழுதது. பிறகு குடுக்கையைத் தானே அவிழ்த்தெறிந்தது."

"என்னைக் கேட்காமலா?"

"கேட்டிருந்தால் விட்டிருப்பீர்களா?"

ராஜாவுக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. அழுகை முந்திக்கொண்டது.

மந்திரிக்கு முத்துமாலை கிடைத்தது. தளவாய் ஊர்ப்பிள்ளைகளோடு அதே கிணற்றில் நீச்சல் பழகவேண்டும் என்று தீர்ப்பாயிற்று. மறுநாள் விடியலில் அவர் முனகிக்கொண்டே போனால், அங்கே இடுப்பில் துண்டோடு ராஜா நிற்கிறான். மகளிடம், ஆழம் எவ்வளவு இருக்கும் என்று நாலாம் தடவையாகக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"கொஞ்சம் தண்ணி குடிப்பீங்க அப்பா, பரவாயில்லை," என்றாள் அமிர்தவல்லி. "நான் பிடிக்கமாட்டேன். பக்கத்துலயே இருப்பேன்."

ராஜா கண்ணை மூடிக்கொண்டு குதித்தான்.